கம்போடியப் பயணம்: அங்கோர் வாட்டைச் சோழர் கட்டினார்களா? ஐந்து நாளில் எதைப் பார்ப்பது?

#1 – கொள்ளிடக்கரை

அனைவருக்கும் வணக்கம். வரும் சனவரியில் அம்மாவையும் கல்லூரியில் படிக்கும் மகளையும் அழைத்துக்கொண்டு கம்போடியா செல்லவிருக்கிறேன். விமானப் பயணம் போகக் கையில் ஐந்து முழு நாட்கள் இருக்கும். அம்மாவுக்கு 68 வயது. முழங்கால் வலி இருந்தாலும் சமதளத்தில் நன்றாகவே நடப்பார். செங்குத்தான படி என்றால்தான் தயங்குவார். வீட்டில் எல்லோரும் சைவ உணவு.

அந்த நாட்டை ஐந்து நாளில் எந்த ஒழுங்கில் பார்ப்பது என்பது முதல் கேள்வி. இரண்டாவது கேள்வி எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவிலிருந்து வந்தது. அங்கோர் வாட் சோழர் கட்டிய கோயில் என்றும், அதை எழுப்பிய இரண்டாம் சூரியவர்மன் ஒரு தமிழ் மன்னன் என்றும் ஒரு பதிவு அங்கே மாதம் ஒரு முறை சுற்றி வருகிறது. அம்மா அதை அப்படியே நம்புகிறார். மகளோ ஆதாரம் எங்கே என்று கேட்டு ஒவ்வொரு முறையும் வாதாடுகிறாள். வழிநெடுக இதே வழக்கைக் கேட்டுக்கொண்டு போக எனக்குத் தெம்பு இல்லை. அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

#2 – கிள்ளான்வாசி

அம்மா, நான் மலேசியாவிலிருந்து நான்கு முறை சென்று வந்தவன்; நடைமுறைச் செய்திகளை மட்டும் சொல்லிவிடுகிறேன். வரலாற்றை இங்குள்ள பெரியவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

அங்கோர் கோயில் வளாகத்துக்கான நுழைவுச்சீட்டு ஒரு நாளுக்கு 37 டாலர், மூன்று நாளுக்கு 62, ஏழு நாளுக்கு 72. மூன்று நாள் சீட்டைப் பத்து நாள் இடைவெளிக்குள் எந்த மூன்று நாளில் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்பதால், நடுவில் ஒரு நாள் அம்மாவுக்கு ஓய்வு கொடுக்க வசதியாக இருக்கும். சீட்டில் உங்கள் நிழற்படமும் அச்சாகும். ஒருவர் சீட்டை இன்னொருவர் பயன்படுத்த முடியாது. முதல் பயணத்தில் கட்டணம் எல்லாம் சேர்ந்தது என்று சொன்ன ஒரு பயண முகவரை நம்பிச் சென்று, சீட்டு விற்குமிடத்தில் எட்டுப் பேருக்கும் திரும்பப் பணம் கட்டிய அனுபவம் எனக்கு உண்டு. ஆகவே சீட்டை நீங்களே வாங்குங்கள்.

அங்கோருக்கு அருகிலுள்ள ஊரான சியெம் ரீப்பின் புதிய விமான நிலையம் 2023 அக்டோபரில் திறக்கப்பட்டது. அது ஊரிலிருந்து நாற்பது கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி இருக்கிறது. பழைய நிலையம் போல நினைத்துக்கொண்டு கடைசி நேரத்தில் கிளம்பாதீர்கள். தாய்லாந்திலிருந்து தரைவழியாக வரும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். 2025 சூலையில் எல்லையில் சண்டை மூண்டதிலிருந்து அந்த வழியை நம்பித் திட்டமிடுவது அறிவுடைமை ஆகாது.

உணவைப் பொறுத்தவரை, காய்கறி மட்டும் போட்ட குழம்பு என்று கொடுப்பதிலும் மீன் சாறு இருக்கும். புரஹோக் என்னும் ஊறிய மீன் விழுது அவர்கள் சமையலுக்கு நமக்குப் புளி போல. சைவம் என்று மட்டும் சொன்னால் போதாது. மீன் சாறு வேண்டாம் என்று தனியாகச் சொல்ல வேண்டும். சியெம் ரீப்பில் இந்திய உணவகங்கள் பல உள்ளன, கவலை வேண்டாம்.

#3 – உறையூர் நாடோடி

மகளின் கேள்வி நியாயமானதுதான். ஆனால் எதிர்த்தரப்பிலும் ஆதாரம் இருக்கிறது என்பதைப் பதிவு செய்கிறேன். வர்மன் என்று முடியும் அரசர் பெயர்கள் பல்லவரை நினைவூட்டுகின்றன. கம்போடியரின் கெமர் எழுத்து பல்லவ எழுத்திலிருந்து கிளைத்தது. காம்போச மன்னன், அதாவது கம்போடிய அரசன், இராசேந்திர சோழனுக்குத் தேர் அனுப்பியதாக நம் செப்பேடே கூறுகிறது. காரைக்கால் அம்மையாரின் உருவம் அங்குள்ள கோயிலில் செதுக்கப்பட்டிருக்கிறது. இத்தனையும் தற்செயலாக அமைந்தவை என்றால் நம்புவது கடினம். சோழர் நேரடியாகக் கட்டவில்லை என்றே வைத்துக்கொண்டாலும், தமிழ்ச் சிற்பிகள் சென்று கட்டிக்கொடுத்தார்கள் என்று கொள்வதில் என்ன தவறு?

#4 – மெய்க்கீர்த்தி

உறையூர் நண்பர் சுட்டிய நான்கு செய்திகளும் உண்மையே. அவற்றிலிருந்து அவர் சென்று சேரும் முடிவில்தான் எனக்கு உடன்பாடு இல்லை.

கால வரிசையைப் பார்ப்போம். கெமர் மொழியில் காலம் குறிக்கப்பட்ட மிகப் பழைய கல்வெட்டு அங்கோர் பொரெய் என்னும் ஊரில் கிடைத்தது. அதன் ஆண்டு பொ.ஆ. 611. ஏழாம் நூற்றாண்டிலேயே ஈசானவர்மன், இன்று சம்போர் பிரெய் குக் என்று அழைக்கப்படும் ஈசானபுரத்தில் செங்கல் கோயில்களை எழுப்பிவிட்டான். 802இல் இரண்டாம் செயவர்மன் குலேன் மலையில் தன்னைப் பேரரசனாக அறிவித்துக்கொண்டான். 881இல் முதலாம் இந்திரவர்மன் பாகோங் என்னும் ஐந்தடுக்குக் கல்மலைக் கோயிலில் இலிங்கத்தை நிறுவினான். அந்த ஆண்டில் நம் நாட்டில் நிலைமை என்ன? விசயாலயன் வழிவந்த சோழர்கள் இன்னும் தஞ்சையைச் சுற்றிய சிற்றரசுதான். பெரிய கோயில் எழ இன்னும் நூற்று முப்பது ஆண்டுகள் இருந்தன. அங்கோர் வாட்டைக் கட்டிய இரண்டாம் சூரியவர்மன் 1113இல் பட்டத்துக்கு வந்தபோது, அவனுக்குப் பின்னால் சொந்தமாகவே முந்நூறு ஆண்டுக் கட்டடப் பழக்கம் நின்றது. பாகோங்கில் இருந்து பிரே ரூப், தா கியோ என்று கோயில்களை வரிசையாகப் பார்த்தால், ஒவ்வொன்றிலும் எதைக் கற்று அடுத்ததில் எதைத் திருத்தினார்கள் என்பது கண்ணுக்கே தெரியும்.

அங்கோர்க் கல்வெட்டுகள் சமஸ்கிருதத்திலும் பழைய கெமரிலும் எழுதப்பட்டவை. வழிபாட்டுப் பாடல் சமஸ்கிருதத்தில் இருக்கும், நெல், நிலம், வேலையாள் கணக்கு கெமரில் இருக்கும். தமிழர் கடல் கடந்து வாழ்ந்த இடங்களில் தமிழிலேயே கல்வெட்டு விட்டுச் சென்றிருக்கிறார்கள் என்பதையும் கருத வேண்டும். தாய்லாந்தின் தக்குவா பாவில் அவனிநாரணம் என்னும் குளத்தையும் மணிக்கிராமத்தார் என்னும் வணிகக் குழுவினரையும் பற்றிய கல்வெட்டு இருக்கிறது. சுமத்திராவின் பாரூசில் ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவின் பெயரால் 1088ஆம் ஆண்டுக் கல்வெட்டு இருக்கிறது. பெருங்கோயில் ஒன்றையே கட்டிக்கொடுத்த தமிழ்ச் சிற்பிகள் அங்கே ஒரு வரிகூட எழுதாமல் திரும்பியிருப்பார்களா என்று யோசித்துப் பாருங்கள்.

தேர் அனுப்பிய செய்தி கரந்தைச் செப்பேட்டில் வருகிறது. தன் அரசைக் காத்துக்கொள்ளும் பொருட்டு நட்பு வேண்டி அனுப்பினான் என்பதே அதன் கருத்து. தில்லைக் கோயிலில் இன்னொரு கல்வெட்டும் உண்டு. காம்போச அரசன் முதல் குலோத்துங்கனுக்குக் காட்சிப்பொருளாகக் காட்டிய கல் ஒன்றை 1114இல் எதிரம்பலத்தில் பதித்ததாக அது கூறுகிறது. சூரியவர்மன் முடிசூடியதற்கு அடுத்த ஆண்டு அது. பட்டமேறிய புதிய அரசன் வேற்று நாட்டுப் பேரரசனோடு உறவு தொடங்க அனுப்பிய பரிசாக இதைக் கொள்ள இடமிருக்கிறது. அடிமை அனுப்பும் திறையை இப்படிக் காட்சிப்பொருள் என்று எழுதுவார்களா? இரண்டு அரசுகள் ஒன்றையொன்று அறிந்து மதித்திருந்தன என்பதே இச்சான்றுகள் தரும் செய்தி. நம்மவர் கட்டியது என்பதைவிட இது எனக்குச் சுவையானதாகப் படுகிறது.

எழுத்தைப் பற்றி ஒரு சொல். பல்லவ எழுத்து அங்கே சென்றது மெய். ஆனால் சென்ற எழுத்தைக் கொண்டு அவர்கள் என்ன செய்தார்கள் என்றும் பார்க்க வேண்டும். மேக்கொங் ஆற்றின் கரையில் உள்ள சம்போரில் கிடைத்த ஒரு கெமர் கல்வெட்டில் சக ஆண்டு 605 என்பதில் நடுவிலுள்ள சுழியம் ஒரு புள்ளியாகப் பொறிக்கப்பட்டிருக்கிறது. பொ.ஆ. 683. உலகில் காலம் உறுதியாகத் தெரிந்த மிகப் பழைய சுழியக் குறிகளில் அது ஒன்று.

#5 – மதகடி

மெய்க்கீர்த்தி ஐயா கல்லைப் பற்றிச் சொல்லிவிட்டார். நான் தண்ணீரைப் பற்றிச் சொல்கிறேன். டெல்டா மாவட்டங்களில் பாசனப் பொறியாளராக முப்பத்திரண்டு ஆண்டுகள் வேலை பார்த்தவன். அங்கே சென்றபோது கோபுரத்தைவிட என்னை நிறுத்தி வைத்தது பராய் என்னும் நீர்த்தேக்கம்தான்.

நம் ஏரியில் மூன்று பக்கம் கரை போட்டால் நான்காவது பக்கத்தை நிலத்தின் மேடே பார்த்துக்கொள்ளும்; மேட்டிலிருந்து வரும் நீர் தானாக வந்து நிற்கும். பராய் அப்படி இல்லை. ஏறக்குறைய தட்டையான நிலத்தில் நான்கு பக்கமும் மண்கரை எழுப்பி, கரைக்கு நடுவே, தரைமட்டத்துக்கு மேலேயே தண்ணீரை நிறுத்தியிருக்கிறார்கள். பெரும்பாலும் தோண்டவில்லை, அணைத்திருக்கிறார்கள். மேற்கு பராய் ஏறத்தாழ எட்டுக் கிலோமீட்டர் நீளம், இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று மேலான அகலம். அதன் கரைமேல் நின்று பார்த்தபோது எதிர்க்கரை ஒரு கோடாகத்தான் தெரிந்தது. மேற்குப் பாதியில் இன்றும் தண்ணீர் நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை உள்ளூர்க் குடும்பங்கள் பாயும் சோற்றுப்பானையுமாக வந்து கரையில் அமர்ந்திருந்தார்கள்.

இத்தேக்கங்கள் பாசனத்துக்கா, வழிபாட்டுக்கா என்று அறிஞர்களிடையே நெடுநாள் வழக்கு உண்டு. பிரெஞ்சு ஆய்வாளர் பெர்னார்ட் பிலிப் குரொஸ்லியே அங்கோரை நீரால் இயங்கிய நகரம் என்று 1979இல் எழுதினார். பராய்களில் வயலுக்கு நீர் பிரிக்கும் வாய்க்கால் இல்லை என்று மற்றவர்கள் மறுத்தார்கள். பிறகு வானிலிருந்து எடுத்த படங்களிலும், 2012இலும் 2015இலும் வானிலிருந்து லேசர் கதிர் பாய்ச்சித் தரையை அளந்த லைடார் அளவீட்டிலும் வாய்க்கால், மதகுப்பகுதி, தெருக்கட்டம் எல்லாம் காட்டுக்கு அடியிலிருந்து வெளிப்பட்டன. என் தொழில் கண்ணுக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன்: இவ்வளவு மண்ணைச் சாமி கும்பிட மட்டும் யாரும் சுமக்கமாட்டார்கள். ஆனால் சாமி பெயரைச் சொல்லாமல் இவ்வளவு பேரைச் சுமக்க வைக்கவும் முடியாது.

அந்த நகரம் தளர்ந்த கதையும் தண்ணீரில்தான் இருக்கிறது. 1431இல் சயாமின் அயுத்தியா அரசின் படை கைப்பற்றியது என்று பள்ளிப் பாடத்தில் படித்திருப்போம். வியட்நாமில் உள்ள பழைய மரங்களின் ஆண்டு வளையங்களை எண்ணிப் பார்த்தவர்கள், பதினான்காம் நூற்றாண்டின் நடுவிலும் பதினைந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் நீண்ட வறட்சிகளும் இடையிடையே பெருமழைகளும் வந்ததைக் கண்டறிந்தார்கள். வறட்சியில் வாய்க்கால் தூர்ந்து கிடக்கும். அந்த நேரம் பெருவெள்ளம் வந்தால் அது கரையை உடைத்துக்கொண்டு தன் வழியில் போகும். ஒரு மதகு உடைந்தால் என்ன ஆகும் என்பதைக் கொள்ளிடக்கரைக்காரருக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

நடைக்கு எளிதான இடம் ஒன்று சொல்கிறேன். வடக்கு பராயின் நடுவில் நீக் பொன் என்னும் சிறு கோயில் உள்ளது. நூற்றாண்டுகளாக வறண்டு கிடந்த அந்தப் பராயில், அங்கோரைப் பராமரிக்கும் அப்சரா ஆணையம் பழைய நீர்வழிகளைச் சீர்செய்து மீண்டும் நீர் நிறைத்திருக்கிறது. தண்ணீர்மேல் போட்ட மரப்பாலத்தில் நடந்தே செல்லலாம். அம்மாவுக்குப் படி இருக்காது.

#6 – கொள்ளிடக்கரை

இத்தனை விரிவாக எழுதியதற்கு மிக்க நன்றி. மதகடி ஐயா, எங்கள் ஊரில் 2018இல் கொள்ளிடம் முக்கொம்பு மேலணையில் மதகுகள் இடிந்து விழுந்ததை நேரில் போய்ப் பார்த்தவள் நான். நீங்கள் சொல்வது புரிகிறது.

இன்னும் இரண்டு ஐயங்கள். அங்கோர் வாட்டின் உள்ளே எந்தப் பக்கமாகச் சுற்ற வேண்டும்? தலைநகர் புனோம் பென்னில் உள்ள தூல் ஸ்லெங் சிறைக்கூடத்துக்கு மகள் போக வேண்டும் என்கிறாள். அம்மாவை அங்கே அழைத்துச் செல்லலாமா?

#7 – மெய்க்கீர்த்தி

முதல் ஐயத்துக்கு மட்டும் விடை சொல்கிறேன். அங்கோர் வாட் மேற்கு நோக்கிய திருமால் கோயில். மேற்கு வாயிலில் நுழைந்து, சிற்பச் சுற்றுக்கு வந்ததும் வலப்புறம், அதாவது தெற்கு நோக்கித் திரும்ப வேண்டும். அப்படிச் சென்றால் கோயில் உங்கள் இடக்கைப் பக்கம் இருக்கும். நம் வழக்கில் அது அப்பிரதட்சணம். உங்கள் அம்மா நிச்சயம் தயங்குவார், ஆனால் சிற்பங்களின் வரிசை அப்படித்தான் ஓடுகிறது. இறுதிச் சடங்கில் இடமாகச் சுற்றுவதை வைத்து, இது சூரியவர்மனின் நினைவுக் கோயிலாகவும் கருதப்பட்டிருக்கலாம் என்று அறிஞர் சிலர் கூறுகிறார்கள். இறந்தபின் அவனுக்கு வழங்கிய பெயர் பரமவிஷ்ணுலோகன்.

முதலில் குருட்சேத்திரப் போர் வரும். தெற்குச் சுற்றில் சூரியவர்மனே தன் படையோடு செல்கிறான். உருவங்களுக்கு அருகே யார் யார் என்று பழைய கெமரில் சிறிய எழுத்தில் பொறித்திருப்பதைத் தேடிப் பாருங்கள். ஒழுங்கில்லாமல் நடந்துவரும் ஒரு கூட்டத்துக்குச் சயாமியர் என்று பெயர் எழுதியிருப்பது, செதுக்கியவனின் குறும்பா, அரசனின் கட்டளையா என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை. கிழக்குச் சுற்றில் 49 மீட்டர் நீளத்துக்குப் பாற்கடல் கடையும் காட்சி. ஒரு பக்கம் 92 அசுரர், மறுபக்கம் 88 தேவர், நடுவில் திருமால். கடலின் அடிப்பகுதியில் மீனும் முதலையும் மத்துக்கு நெருங்க நெருங்கத் துண்டு துண்டாக அறுபட்டுச் சிதறுவதைக் குனிந்து பார்க்க வேண்டும். பெரும்பாலானோர் நின்றபடியே படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள்.

சுவரிலும் தூணிலும் கல்லுக்குக் கல் விரல் நுழையும் அளவில் வட்டத் துளைகள் இருக்கும். குலேன் மலைச்சாரலில் வெட்டிய மணற்கல்லைத் தூக்கி நகர்த்தக் கழி செருகிய துளைகள் என்று பெரும்பாலோர் கருதுகிறார்கள். அந்த மலைச்சாரலிலிருந்து கோயில் வரை நீர்வழியே கல் வந்திருக்கிறது.

#8 – கிள்ளான்வாசி

மேல்தளத்துக்கு ஏறும் படி மிகச் செங்குத்து. கைப்பிடி போட்ட மரப்படி வைத்திருந்தாலும் முழங்கால் வலி உள்ளவர் இரண்டாம் தளத்தோடு நிற்பதே நல்லது. தோளையும் முழங்காலையும் மறைக்கும் உடை இல்லாவிட்டால் மேலே விடமாட்டார்கள். பௌத்தர்களின் நோன்பு நாட்களில் மேல்தளம் மூடியிருக்கும். தேதியை முன்பே பாருங்கள். அது இன்றும் பிக்குகள் வழிபடும் கோயில், நாம்தான் அதைச் சுற்றுலா இடம் என்கிறோம்.

தூல் ஸ்லெங் பற்றி. அது ஒரு பள்ளிக்கூடம். 1975 ஏப்ரல் 17 அன்று கெமர் ரூஜ் என்னும் கம்யூனிஸ்டுப் படை தலைநகரைப் பிடித்தபின் அதைச் சித்திரவதைச் சிறையாக்கினார்கள். 1979 சனவரி 7 வரை நீடித்த அந்த ஆட்சியில் நாடு முழுவதும் இறந்தவர்கள் ஏறத்தாழ 17 இலட்சம் முதல் 20 இலட்சம் வரை என்று கணக்கிடுகிறார்கள். வகுப்பறைக்குள் செங்கல்லால் அடுக்கிய சிறு சிறு அறைகள், தரையில் கட்டம் போட்ட பழைய ஓடு, சுவரில் கரும்பலகை. கீழே முற்றத்தில் பிள்ளைகள் உடற்பயிற்சி செய்யப் போட்ட மரச்சட்டம் நிற்கிறது; அதில் கைதிகளைத் தலைகீழாகத் தொங்கவிட்டார்கள். கொண்டுவரப்பட்ட ஒவ்வொருவரையும் எண் அட்டை குத்திப் படம் எடுத்திருக்கிறார்கள். அப்படங்களில் பலர் நேராக உங்களைப் பார்க்கிறார்கள். என் மனைவி இரண்டாவது அறையோடு வெளியே வந்து சம்பங்கி மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார்.

2025இல் யுனெஸ்கோ தூல் ஸ்லெங்கையும் சோங் ஏக் கொலைக்களத்தையும் எம் 13 என்னும் இன்னொரு சிறையிருந்த இடத்தையும் உலக மரபுப் பட்டியலில் சேர்த்தது. மகள் போகட்டும். அம்மாவிடம் உள்ளே இருப்பதை முன்கூட்டியே சொல்லிவிட்டு, முடிவை அவரிடமே விடுங்கள். நீங்கள் யாரோடு பேசினாலும், ஐம்பது வயதைக் கடந்த கம்போடியர் என்றால் அந்த நான்கு ஆண்டுகளை அவர் குழந்தையாகவோ இளைஞராகவோ கடந்து வந்தவர் என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அவராகச் சொன்னாலொழிய நான் கேட்பதில்லை.

தொன்லே சாப் ஏரியைச் சனவரியில் பார்க்கலாம். மழைக்காலத்தில் மேக்கொங் பெருகும்போது, ஏரியிலிருந்து வடியும் ஆறு திசை மாறி ஏரிக்குள்ளேயே திரும்பி ஓடும். கோடையில் ஏறத்தாழ 2,500 சதுர கிலோமீட்டர் இருக்கும் ஏரி ஐந்தாறு மடங்கு விரியும். நவம்பரில் நீர் மறுபடி வடியத் தொடங்குவதைத்தான் படகுப் போட்டி வைத்துக் கொண்டாடுகிறார்கள். கம்போங் புலுக் என்னும் ஊரில் வீடுகள் உயர்ந்த மரக்கால்கள்மேல் நிற்கும். சனவரியில் பாதிக் கால் தண்ணீரிலும் பாதி வெளியிலும் தெரியும்.

#9 – உறையூர் நாடோடி

மெய்க்கீர்த்தி ஐயா எழுதியதை இரண்டு முறை படித்தேன். காலவரிசையை நான் சரியாகக் கருதிப் பார்க்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். பாகோங் தஞ்சைப் பெரிய கோயிலுக்கு முந்தியது என்பது எனக்கு இதுவரை தெரியாது. ஆயினும் காரைக்கால் அம்மையாரை நான் விட்டுக்கொடுக்கமாட்டேன். தமிழ்ச் சைவம் சென்று சேராமல் அவர் உருவம் எப்படி அங்கே சென்றது?

#10 – மெய்க்கீர்த்தி

அதை விட்டுக்கொடுக்க வேண்டியதே இல்லை, நண்பரே. அந்த ஒன்றில் நீங்கள் பிடித்திருப்பது கெட்டியான கொம்பு.

பந்தே ஸ்ரெய் கோயில் அங்கோர் வாட்டிலிருந்து வடகிழக்கே இருபத்தைந்து கிலோமீட்டர் அளவில் உள்ளது. அரசன் கட்டியதன்று; கெமர் மன்னன் இராசேந்திரவர்மனின் அவையில் இருந்த யக்ஞவராகன் என்னும் அந்தணர் எழுப்பியது. 967இல் நிறுவப்பட்டது. சிவந்த மணற்கல், சிறிய வாயில்கள், மரத்தில் செதுக்கியது போன்ற நுணுக்கம். 1923இல் பிரெஞ்சு எழுத்தாளர் ஆந்திரே மல்ரோ இங்கிருந்த தேவதைச் சிற்பங்களை வெட்டி எடுத்துச் சென்று பிடிபட்டார். பின்னாளில் அவரே பிரான்சின் பண்பாட்டு அமைச்சரானார். 

கிழக்கு வாயிலின் முகப்பில் பல கைகளோடு சிவன் ஆடுகிறார். காலடியில் ஓரமாக ஒரு பெண் அமர்ந்திருக்கிறார். வற்றித் தொங்கும் மார்பு, எலும்பு தெரியும் உடல். திருவாலங்காட்டுப் பதிகத்தில் அம்மையார் பாடும் பேயின் உருவத்தை அறிந்தவருக்கு அது யார் என்று ஒருவரும் சொல்ல வேண்டியதில்லை. ஆய்வாளர்களும் காரைக்கால் அம்மையார் என்றே அடையாளம் காண்கிறார்கள். சோழப்படை கடல் கடந்தது 1025 வாக்கில். சிற்பம் அதற்கு ஏறத்தாழ அறுபது ஆண்டு மூத்தது. ஆகவே அம்மையார் படையோடு செல்லவில்லை. வணிகரோ, துறவியரோ, கதை சொல்பவரோ கொண்டு சென்ற நினைவு அது. யார் என்று எந்தக் கல்வெட்டும் சொல்லவில்லை. கெமர்ச் சிற்பி அவரைத் தன் ஊர்ப் பெண்ணைப் போலக் கொண்டை முடித்து உட்கார வைத்திருக்கிறான்.

#11 – கொள்ளிடக்கரை

இந்த இழையை நேற்றிரவு அம்மாவுக்கு முழுவதும் படித்துக் காட்டினேன். சோழர் கட்டவில்லை என்றதும் முகம் சற்று வாடியது. அம்மையார் செய்தி வந்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டார். இப்போது அவருடைய ஒரே நிபந்தனை, முதல் நாள் காலையில் பந்தே ஸ்ரெய். அங்கோர் வாட் இரண்டாம் நாள்தான். மூன்றாம் நாள் ஓய்வும் ஏரியும், நான்காம் நாள் பாயோன், தா புரோம், நீக் பொன் கோயில்கள், ஐந்தாம் நாள் புனோம் பென் என்று வைத்திருக்கிறோம். பாகோங்குக்கு எப்போது போவது என்று மகள் கேட்கிறாள்.

#12 – கிள்ளான்வாசி

பாகோங் விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் வரும் பக்கத்தில்தான் இருக்கிறது; ஏரிக்குப் போகும் நாளில் வழியில் இறங்கிப் பார்த்துவிடலாம். ஆனால் அந்த நாளுக்கும் சீட்டு வேண்டும், ஆகவே மூன்று நாள் சீட்டு போதாது, ஏழு நாள் சீட்டாக வாங்குங்கள். பத்து டாலர்தான் கூடுதல். பந்தே ஸ்ரெய்க்கு ரெமோர்க் என்னும் துக்-துக் வண்டியில் போனால் ஒரு மணி நேரத்துக்குக் குறையாது, புழுதியும் உண்டு. அம்மாவுக்காகக் கார் பேசிக்கொள்ளுங்கள். காலை வெயில் கிழக்கு முகப்பில் நேராக விழும்; பேருந்துக் கூட்டம் ஒன்பது மணிக்குமேல்தான் வரும்.